வெளிநாட்டுத் தொழிற்சாலை வந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்படிப்பட்ட வேலை கிடைக்கும்?

கேள்வி: கரிசல்காட்டான்

அனைவருக்கும் வணக்கம். டி.கல்லுப்பட்டிக்கும் பேரையூருக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் விதை, உரக்கடை வைத்திருக்கிறேன். நான்கு ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. மழையைப் பார்த்துப் பருத்தியோ மக்காச்சோளமோ போடுவேன். சில மாதங்களாக எங்கள் பக்கம் கிழக்காசிய நாட்டுக் காலணி நிறுவனம் ஒன்று தொழிற்சாலை கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. அரசாணை எதையும் நான் கண்ணால் பார்க்காததால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் நிலத் தரகர்கள் வாரம் தவறாமல் வந்துபோகிறார்கள். இரண்டாயிரம் பேருக்கு வேலை என்று ஒருவர் சொன்னால், அடுத்த வாரம் இன்னொருவர் ஐயாயிரம் என்கிறார்.

ஊர்மக்கள் இதை நம்புவதற்குக் காரணமும் இருக்கிறது. தூத்துக்குடி சில்லாநத்தத்தில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி, 2025 ஆகஸ்டு 4ஆம் நாள் மின்சாரக் கார் ஆலையைத் திறந்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். தென்மாவட்டம் என்றால் ஒன்றும் வராது என்று பேசிக்கொண்டிருந்தவர்களின் வாய் அன்றோடு அடைத்துவிட்டது.

எங்கள் தெருவில் இருபதிலிருந்து முப்பது வயதுக்குள் இருப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர்கள் எல்லாம் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் பங்குனிப் பொங்கல் சாட்டும்போதும்தான் ஊருக்கு வருகிறார்கள். என் மகள் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கிறாள். அவள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வர முடியுமென்றால் எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி இல்லை. ஆகவே ஆலை வரக்கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். வரும் வேலை எத்தகையது, அது நிரந்தரமா, எத்தனை ஆண்டு நிற்கும், நிலத்தை இப்போதே கொடுப்பது சரியா என்பதுதான் தெரியவில்லை. அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டத்தில் இதைப் பற்றிக் கேட்கலாம் என்றிருக்கிறோம். என்ன கேட்க வேண்டும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஹார்விபட்டிவாசி

ஐயா, என் தாத்தாவும் அப்பாவும் மதுரை ஹார்வி மில்லில் வேலை பார்த்தவர்கள். அந்த ஆலைத் தொழிலாளர்களுக்காகவே எழுந்த ஹார்விபட்டியில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். வெளிநாட்டு முதலீடு என்ற சொல்தான் புதிது. விஷயம் மதுரைக்குப் பழையது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹார்வி சகோதரர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே நூற்பாலை தொடங்கினார்கள். மில் சங்கு ஊதுவதை வைத்து அடுப்புப் பற்றவைத்த குடும்பங்கள் எங்கள் பக்கம் ஏராளம். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறை அந்தச் சம்பளத்தில் படித்தது. சங்கம் வைத்துப் போராடித்தான் பல உரிமைகள் கிடைத்தன என்பதையும் அப்பா சொல்லிக்கொண்டே இருப்பார்.

அந்த ஆலை ஏன் மதுரையில் வந்தது என்று யோசித்துப் பாருங்கள். 1875இல் ரயில் மதுரையைத் தொட்டது. அடுத்த ஆண்டே தூத்துக்குடித் துறைமுகம் வரை பாதை போய்விட்டது. உங்கள் பக்கத்துக் கரிசல் பருத்தி வண்டி வண்டியாக வந்து இறங்கியது. பஞ்சும் இங்கே, ஆளும் இங்கே என்பதால் ஆலையை வேரோடு பிடுங்கி வேறிடத்தில் நடுவது எளிதாக இல்லை. 1974இல் அது கோட்ஸ் நிறுவனத்தோடு இணைந்து மதுரா கோட்ஸ் ஆனது. கொடி மாறியது, ஆலை ஊரைவிட்டுப் போகவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை நடந்த கதை வேறு. 2006இல் தொடங்கி, நன்றாக ஓடிய காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள், பெரும்பாலோர் இளம்பெண்கள். வரி வழக்கு ஒரு பக்கம், செல்பேசிப் பிரிவை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது இந்த ஆலையை அதில் சேர்க்காமல் விட்டுவிட்டது இன்னொரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்து நெருக்கியதில், 2014 நவம்பர் 1ஆம் நாள் கதவு மூடப்பட்டது. உதிரிபாகங்களில் பல கடல் கடந்து வந்தன, பொருத்தி அனுப்பினார்கள். இந்த மண்ணோடு அந்த ஆலைக்குப் பெரிய பிடிப்பு இல்லை. பிற்பாடு பின்லாந்தின் சால்காம்ப் நிறுவனம் அதே வளாகத்தை வாங்கி, 2020இல் அங்கே மீண்டும் உற்பத்தி தொடங்கியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நடுவில் போன ஐந்து ஆண்டுகளில், இருபத்து நான்கு வயதில் வெளியே வந்த பெண்ணுக்கு இருபத்தொன்பது ஆகிவிட்டது.

எனவே எத்தனை பேருக்கு வேலை என்று கேட்பதற்கு முன், இந்த ஆலையை எங்கள் ஊரோடு கட்டிவைக்கப் போவது எது என்று கேளுங்கள். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது, உதிரிபாகம் செய்பவர்கள் கூடவே வருகிறார்களா, பயிற்சிப் பள்ளி நடத்துவார்களா, நிலம் விலைக்கா குத்தகைக்கா, சலுகைக் காலம் முடிந்த பிறகும் தொடர்ந்து நடத்த வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்பவைதான் உண்மையான கேள்விகள்.

பதில் 2: உசிலம்பட்டிப் பெண்

ஐயா, உங்கள் மகளின் இடத்தில் நான் இருந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு 2012இல் சென்னைக்குப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டு மின்னணு ஆலைக்குப் போனேன். 2020 வரை இருந்தேன். ஆலையின் பெயர் வேண்டாம்.

காலை ஷிப்டுக்கு நாலரை மணிக்கு விடுதி வாசலில் பேருந்து வந்து நிற்கும். ஓர் அறையில் எட்டுப் பேர். குளியலறைக்கு மூன்றரைக்கே வரிசை. நான் சர்க்யூட் போர்டு சோதிக்கும் இடத்தில் நின்றேன். போர்டை அச்சில் வைத்து மூடியை அழுத்தினால் பச்சை விளக்கு எரிய வேண்டும். சிவப்பு எரிந்தால் இடப்பக்கத் தட்டில் போட வேண்டும். ஒன்றுக்கு 22 வினாடி. மாற்று ஆள் வந்து நின்றால்தான் கழிப்பறைக்குப் போக முடியும். எல்லோரும் ஒரே வரிசையில், ஒரே வேலையைத்தான் செய்தோம். ஆனால் நிரந்தரப் பணியாளருக்கு நீலநிறக் கழுத்துப் பட்டை, ஒப்பந்தத் தொழிலாளருக்கு மஞ்சள். என் பக்கத்தில் நின்ற அக்காவுக்கும் எனக்கும் சம்பளத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசம். எட்டு ஆண்டில் மூன்று ஒப்பந்தக்காரர்கள் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் எனக்குப் புது எண், புது அட்டை கொடுத்தார்கள். நின்ற இடம் மட்டும் மாறவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் போகாதீர்கள் என்று சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். அந்தச் சம்பளத்தில்தான் அடகில் இருந்த அம்மாவின் நகையை மீட்டேன். தம்பியைப் பொறியியல் படிக்கவைத்தேன். என் பெயரில் வங்கிக் கணக்கும் சேமநல நிதியும் இருந்தன. ஒரு மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்த்து, இது தவறு என்று சொல்லும் தைரியம் எனக்கு வந்ததும் அங்கேதான். ஊரிலேயே இருந்திருந்தால் பத்தொன்பது வயதில் கழுத்தை நீட்டியிருப்பேன்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வல்லம் வடகாலில், தொழிற்பூங்காக்களை அமைக்கும் அரசு நிறுவனமான சிப்காட் 18,720 பெண்கள் தங்கும் விடுதியைக் கட்டி 2024 ஆகஸ்டில் திறந்திருக்கிறது. எங்கள் காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனையோ துன்பம் குறைந்திருக்கும். ஆனால் உங்கள் ஊருக்கே ஆலை வந்தால் விடுதியே தேவையில்லை. செய்யாறு சிப்காட்டில் தைவான் நாட்டுக் காலணி நிறுவனத்துக்குச் சுற்றுக் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வீட்டிலிருந்தே போய்வருகிறார்கள். கல்யாணம் ஆன பிறகும், குழந்தை பிறந்த பிறகும் ஒரு பெண் வேலையில் தொடர முடியுமா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தத் தூரம்தான். நான் வேலையை விட்டதற்குக் காரணம் சம்பளம் அல்ல. கைக்குழந்தையோடு விடுதியில் இருக்க முடியாது என்பதுதான். குழந்தைகள் காப்பகம் உண்டா, இரவு ஷிப்டு முடிந்தால் பேருந்து தெருமுனை வரை வருமா என்று கட்டாயம் கேளுங்கள். காலணி என்றால் பசை ஒட்டும் பிரிவு இருக்கும். அதன் நெடி தலைவலியைக் கொடுக்கும். தண்ணீர் கலந்த பசையா, கரைப்பான் கலந்த பசையா, புகைபோக்கி எப்படி என்பதையும் கேட்க வேண்டும்.

பதில் 3: கப்பலூர்ப் பட்டறை

வணக்கம். கப்பலூர் தொழிற்பேட்டையில் லேத் பட்டறை நடத்துகிறேன். பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள், அவர்களில் மூவர் கே.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் படித்தவர்கள். ஹார்விபட்டி அண்ணன் சொன்ன வேரைப் பற்றித்தான் நானும் சொல்ல வருகிறேன். ஆனால் அந்த வேரை நிறுவனம் கொண்டுவரும் என்று நாம் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடக்கூடாது.

காலணித் தொழிலில் தோலையும் துணியையும் வெட்டுவதற்குக் கட்டிங் டை வேண்டும். அடிப்பாகம் வார்க்க மோல்டு வேண்டும். அட்டைப்பெட்டி, நூல், பசை, இயந்திரப் பழுதுபார்ப்பு, உணவகத்துக்குக் காய்கறி என்று தேவைகள் நீண்டுகொண்டே போகும். தொடக்கத்தில் இவற்றில் பாதியைத் தங்கள் நாட்டிலிருந்தே கொண்டுவருவார்கள், அல்லது தங்களோடு பழகிய நிறுவனங்களைக் கூட்டிவந்து பக்கத்தில் அமர்த்துவார்கள். உள்ளூர்ப் பட்டறைக்கு அந்தக் கதவு திறக்கச் சில ஆண்டுகள் ஆகும். அதற்குள் தயாராகிவிட்டவன் பிழைத்துக்கொள்வான்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வெளிநாட்டு வாகன உதிரிபாக நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்து, நான் செய்து காட்டிய மாதிரியை மைக்ரோமீட்டரில் அளந்து பார்த்துத் திருப்தி என்றார்கள். பிறகு அளவைக் கருவிகள் கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டன, அந்தச் சான்றிதழ் எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் காகிதம் இல்லை. ஆர்டர் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. ஒன்றரை ஆண்டு பாடுபட்டுத் தரச்சான்று வாங்கினேன், ஆர்டரும் கிடைத்தது. அதன்பின் பணம் வர நான்கு மாதம் ஆனது. சிறு தொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அதைச் சுட்டிக்காட்டினால் அடுத்த ஆர்டர் வராது என்ற அச்சத்தில் வாய் திறக்காமல் இருந்தேன். இப்போது அரசு பேச்சுவார்த்தை நடத்தும்போதே, உள்ளூரில் இவ்வளவு வாங்க வேண்டும், 45 நாளில் பணம் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதிவைத்தால் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய பலம்.

மகளைப் பற்றி ஒரு வார்த்தை. இயந்திரவியல் பட்டயம் படித்தவளை வரிசையில் தைக்க நிறுத்திவிடாதீர்கள், ஐயா. மோல்டு பராமரிப்பு, இயந்திரப் பழுது நீக்கம் ஆகிய பிரிவுகளுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அந்தத் திறமை கையில் இருந்தால், ஆலை ஒருநாள் மூடினாலும் அவளுக்கு மதுரையைச் சுற்றியே வேலை உண்டு; வெள்ளரிப்பட்டி டயர் ஆலையிலும் கோச்சடை ஃபென்னரிலும் எங்களைப் போன்ற பட்டறைகளிலும் அதே பாஷைதான் பேசுகிறோம்.

பதில் 4: தொழிலாளர் வழக்குரைஞர்

உசிலம்பட்டிச் சகோதரி எழுதியதைப் படித்துவிட்டு, ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டிலேயே தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. 24 மாதங்களுக்குள் 480 நாள் பணியாற்றிய தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். சகோதரிக்கு மும்முறை புது எண் கொடுத்தார்கள் என்றாரே, அத்தகைய ஏற்பாடுகள் இந்த 480 நாள் கணக்கை உடைக்கவே பல இடங்களில் பயன்படுகின்றன. ஆகவே பிள்ளைகள் வேலையில் சேரும் முதல் நாளிலிருந்து சம்பளச் சீட்டு, வருகைப் பதிவு, அடையாள அட்டையின் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்த வேண்டும். வழக்கு என்று வந்தால் அந்தச் சீட்டுகள்தான் பேசும். எட்டு ஆண்டு நின்றேன் என்ற வாய்ச்சொல் பேசாது.

இன்னொரு வழி, பயிற்சியாளர் என்ற பெயரில் எடுப்பது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி பழகுநர் தொழிலாளி அல்லர். அவருக்கு உதவித்தொகைதான், சம்பளம் இல்லை. "இரண்டாயிரம் வேலை" என்ற கணக்கில் எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தம், எத்தனை பேர் பழகுநர் என்று பிரித்துச் சொல்லும்படி கேளுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த மத்தியத் தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களில், குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்பவருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை உரிமை உண்டு. நியமனக் கடிதமும் கட்டாயம். ஆனால் குறித்த கால வேலை என்பதே நிரந்தர வேலையின் இடத்தைப் பிடித்துவிடுமோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

உள்ளூர் மக்களுக்கே வேலை என்று சட்டம் போடலாமே என்று பலர் கேட்பதுண்டு. ஹரியானா அரசு தனியார் வேலையில் 75 விழுக்காடு உள்ளூராருக்கு என்று இயற்றிய சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனவே சட்டத்தைவிட, நிலமும் சலுகையும் கொடுக்கும்போது அரசு போடும் ஒப்பந்த நிபந்தனைதான் நடைமுறையில் பயன்படும்.

கப்பலூர் நண்பர் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எழுதியதைக் கண்காணிக்க ஆலைக்குள் தொழிற்சங்கம் இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேல் நடந்த வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கையே சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பதுதான். சம்பளம் ஒழுங்காகக் கொடுக்கும் பெரிய நிறுவனத்திலும் அதற்காக அவ்வளவு நாள் தெருவில் உட்கார வேண்டியிருந்தது.

பதில் 5: சிவரக்கோட்டை விவசாயி

எல்லோரும் வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் நிலத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். எங்கள் சிவரக்கோட்டை, சுவாமிமல்லம்பட்டி, கரிசல்காளாம்பட்டிப் பக்கம் சிப்காட்டுக்கு நிலம் எடுக்க முயன்றபோது ஆண்டுக்கணக்கில் எதிர்த்துப் போராடினோம். மழை பொய்த்தால் பார்வைக்குப் பொட்டல் போலத் தெரியும் கரிசலை, விளையாத நிலம் என்று சொல்லிவிடுவது எளிது.

அண்ணே, முதலில் உங்கள் சர்வே எண்ணுக்குக் கடந்த சில பசலிகளின் (வருவாய்த்துறைக் கணக்காண்டுகளின்) அடங்கல் நகலை, அதாவது கிராமப் பயிர்க் கணக்கின் நகலை, எடுத்துப் பாருங்கள். அதில் என்ன பயிர் எழுதியிருக்கிறதோ அதுதான் பிற்பாடு எல்லா இடத்திலும் பேசப்படும். தரகர் யாருக்கும் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். முன்பணம் என்று வாங்கிவிட்டால் பிறகு விலை பேசும் உரிமை உங்கள் கையில் இருக்காது. அரசே கையகப்படுத்தினால் 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி நிலத்துக்கான இழப்பீட்டுக்குச் சமமான தொகை ஆறுதல் தொகையாகக் கூடுதலாகச் சேரும். அறிவிப்பு வருவதற்கு முன் தரகரிடம் விற்றவருக்கு அது கிடைக்காது. உங்கள் கண்மாய்க்கு வரும் வரத்துக்கால் அந்த இடத்தின் வழியாகப் போகிறதா என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். ஆலைச் சுவர் வரத்துக்காலை மறித்துவிட்டால், நிலம் விற்காதவனுக்கும் தண்ணீர் போய்விடும்.

மீண்டும் கரிசல்காட்டான்

பொறுமையாக இவ்வளவு எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பதில்களை அச்செடுத்து ஊரில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து படித்தோம். கிராம சபையில் கொடுக்க ஒரு மனு எழுதியிருக்கிறோம். எவ்வளவு நிலம், எந்தச் சர்வே எண்கள் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வேலைகளில் நிரந்தரம், ஒப்பந்தம், பழகுநர் எத்தனை என்று பிரித்துக் காட்ட வேண்டும். வரத்துக்கால் மறிக்கப்படாது என்று எழுத்தில் தர வேண்டும். பெண்களுக்குப் பேருந்தும் குழந்தைகள் காப்பகமும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். பசையைப் பற்றிய வரியை எங்கள் ஊரிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் காலணி ஆலை வேலைக்குப் போய்வந்த ஒரு பெண் தானாகச் சேர்க்கச் சொன்னார். காந்தியப் பொருளியல் அறிஞர் ஜே.சி.குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த காந்தி நிகேதன் ஆசிரமம் எங்களுக்கு மிக அருகில்தான் இருக்கிறது. பெரிய ஆலைகளைப் பற்றி அவர் எழுப்பிய கேள்விகளையும் கூட்டத்தில் நினைவுபடுத்த வேண்டும் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

மகளிடம் கப்பலூர் நண்பரின் பதிலைக் காட்டினேன். மோல்டு பராமரிப்புக்குத் தனியாகக் குறுகியகாலப் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று அன்று இரவே தேடத் தொடங்கிவிட்டாள். விவரம் தெரிந்தால் சொல்லுங்கள், ஐயா.

சிவரக்கோட்டைத் தம்பி சொன்னபடி நேற்று அடங்கல் நகல் எடுத்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்கு ஏக்கரிலும் மக்காச்சோளம் போட்டு, படைப்புழுவுக்கு மருந்து அடித்து, அறுத்து விற்ற ரசீது இன்னும் என் கடை மேசையில் இருக்கிறது. அந்தப் பசலிக்கு அடங்கலில் "தரிசு" என்று எழுதியிருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர்கள் மூவருடையதும் அப்படியே. இன்று காலை நால்வருமாகச் சேர்ந்து, ரசீதுகளின் நகலை இணைத்து, திருத்தம் கேட்டு வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கி வந்திருக்கிறோம்.